டாட்டூ குத்தலாமா, எங்கே குத்தலாம்: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டாட்டூ ஆசை வந்ததும் பெரும்பாலானோர் முதலில் செய்வது படம் தேடுவது. போன் நிறையப் படம் சேர்த்துக்கொண்டு கடைக்குப் போய், "அண்ணா, இதை எங்கே போட்டா நல்லா இருக்கும்?" என்று கேட்பார்கள். அவரும் அன்றைக்குக் கை காலியாக இருந்தால் ஏதோ ஓர் இடத்தைக் காட்டுவார். இந்த வரிசை தலைகீழ். உடம்பில் எந்த இடம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அப்புறம் கடை. படம் கடைசியில்தான்.

நான் விசாரிக்கத் தொடங்கியபோது ஆளுக்கொரு பதில் கிடைத்தது. ஒரு கடையில் "ஒரு வாரத்தில் ஆறிவிடும்" என்றார்கள், அடுத்த கடையில் "ஒரு மாதம்" என்றார்கள். விலை மூன்று மடங்கு வித்தியாசத்தில் வந்தது. வேலைக்கு ஆகுமா, உடம்புக்கு ஆகுமா என்று கேட்டால் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். சென்னையை வைத்து எழுதியிருக்கிறேன். மதுரை, கோவை, திருச்சியில் விலை கொஞ்சம் மாறலாம், மற்றதெல்லாம் ஒன்றுதான்.

1. முதலில் வேலையைப் பாருங்கள்

நீங்கள் சீருடை வேலைக்கு முயற்சி செய்கிறவர் என்றால், அல்லது அப்படி ஓர் எண்ணம் ஓரமாகக்கூட இருந்தால், இந்தப் பகுதியை முடிக்காமல் கடைப் பக்கம் போகாதீர்கள்.

ராணுவ ஆள்சேர்ப்பில், அக்னிவீர் உட்பட, நிரந்தர டாட்டூவுக்கு அனுமதி உள்ள இடங்கள் இரண்டே: முழங்கையின் உட்புறத்திலிருந்து மணிக்கட்டு வரை முன்கையின் உட்பக்கம், அப்புறம் புறங்கை. தோள், மார்பு, முதுகு, கழுத்து, கால் எதில் இருந்தாலும் தகுதியிழப்புதான். சட்டைக்குள் மறைந்திருந்தால் தெரியாது என்று நினைக்க வேண்டாம், மருத்துவப் பரிசோதனையில் சட்டையோடு நிற்க விடமாட்டார்கள். பழங்குடிச் சமூகத்தினருக்கு மரபு வழக்கத்தை ஒட்டித் தனிச் சலுகை உண்டு.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சி.ஐ.எஸ்.எஃப். போன்ற மத்திய ஆயுதக் காவல் படைகளில் விதி இன்னும் குறுகலானது. மதச் சின்னம், தெய்வ உருவம், பெயர் ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. இடம் இடது முன்கையின் உட்பக்கம் அல்லது புறங்கை. வலது கை சல்யூட் அடிக்கும் கை என்பதால் வலது முன்கையில் இருக்கக் கூடாது. அளவும் அந்த உறுப்புப் பகுதியில் கால்வாசிக்குக் கீழ் இருக்க வேண்டும். வலது கையில் சின்னதாக ஒன்று குத்திக்கொண்டு, எழுத்துத் தேர்வும் ஓட்டமும் தாண்டி, மருத்துவப் பரிசோதனையில் நின்றுபோய் நீதிமன்றம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு எதற்கு?

வேறு எந்தச் சீருடைத் தேர்வாக இருந்தாலும் அந்த ஆண்டு அறிவிக்கையை இறக்கி, மருத்துவத் தகுதி பகுதியை நீங்களே படியுங்கள். கோச்சிங் சென்டரில் சொன்னார்கள், யூடியூபில் பார்த்தேன் என்பதெல்லாம் கணக்கில் வராது.

விமானப் பணிப்பெண், பணியாளர் வேலைகளில் சீருடை போட்ட பிறகு வெளியே தெரியும் டாட்டூவைப் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை. நட்சத்திர ஓட்டல்களின் வரவேற்புப் பகுதியிலும் இந்தக் கண்டிப்பு உண்டு. ஐ.டி. அலுவலகங்களில் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை.

வெளிநாடு போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். இலங்கைக்குப் போவதாக இருந்தால் புத்தர் உருவம் வேண்டாம். 2014இல் கையில் புத்தர் டாட்டூ இருந்ததற்காக ஒரு பிரிட்டன் பயணியை அங்கே தடுத்து வைத்து நாடு கடத்தினார்கள். 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது, ஆனால் போன பயணம் போனதுதான். ஜப்பானில் பல பொதுக் குளியல் நிலையங்களில் டாட்டூ தெரிந்தால் உள்ளே விடமாட்டார்கள்.

2. உடம்பு ஒத்துக்கொள்ளுமா என்று பாருங்கள்

இதற்குக் கண்ணாடியே போதும். இடது தோளில் குழந்தையில் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசித் தழும்பைப் பாருங்கள். அது தட்டையாக இருந்தால் நல்லது. புடைத்து, ஊசி போட்ட இடத்தைத் தாண்டிப் பரவி, அவ்வப்போது அரிக்கிறது என்றால் உங்களுக்குக் கீலாய்டு, அதாவது தழும்பு காயத்தைத் தாண்டித் தடித்து வளர்வது, வரும் உடல்வாகு இருக்கலாம். காது, மூக்கு குத்திய இடத்தில் உருண்டையாகத் திரண்டிருந்தாலும் அப்படியே. கீலாய்டு நம் நிறத்துத் தோலில் அதிகம் வரும். மார்பின் நடு, தோள், மேல் முதுகு ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். இந்த அறிகுறி இருந்தால் தோல் மருத்துவரைப் பார்க்காமல் குத்த வேண்டாம். என் கருத்தைக் கேட்டால், பார்த்த பிறகும் வேண்டாம்.

சொரியாசிஸ் இருப்பவர்களுக்குத் தோலில் காயம் பட்ட இடத்திலேயே நோய் கிளம்பும் வாய்ப்பு உண்டு. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் புண் ஆற நாளாகும், கால் பக்கம் என்றால் இன்னும் மோசம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதய வால்வில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டே ஆக வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டுப் போய் உட்காராதீர்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுத்தவர்கள் நிறுத்தி ஆறு மாதமாவது பொறுப்பது வழக்கம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தள்ளிப்போடுங்கள்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பெரியவர்களுக்கு மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. டாட்டூ ஊசி சுத்தமாக இல்லாவிட்டால் பரவக்கூடியவை ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. இவற்றில் தடுப்பூசி இருப்பது பி-க்கு மட்டும்தான். டெட்டனஸ் ஊசியையும் அப்படியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்த தானம் செய்கிறவர்கள் கவனிக்க: டாட்டூ குத்தினால் 12 மாதம் ரத்தம் கொடுக்க முடியாது. வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை நாள் குறித்திருந்தால், உங்கள் ரத்த வகை கிடைப்பது அரிது என்றால், அது முடியட்டும்.

3. உடம்பில் எந்த இடம்

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் அவசரப்படுவது இங்கேதான். ஓர் இடத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் அன்றாட உடையில் அது தெரியுமா? ஆண்கள் அரைக்கை சட்டை போட்டால் மேல்கை மறைந்துவிடும், முன்கை மறையாது. பெண்களுக்குக் கணக்கு வேறு. சுடிதாரில் மறைகிற முதுகும் இடுப்பும் மேல்கையும் புடவையில் தெரியும். மாமியார் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று முதுகில் குத்திக்கொண்டு கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கும்போது டெய்லரிடம் போராடியவர்களை எனக்குத் தெரியும். மறைப்பது உங்கள் விருப்பம். மறைக்க வேண்டும் என்றால் பட்டுப்புடவை ஜாக்கெட்டை மனதில் வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வெயில் படுமா? தினமும் டூவீலர் ஓட்டுகிறவர்களின் புறங்கையும் முன்கையின் வெளிப்பக்கமும் சாலை முழுக்க வெயிலில் காய்கின்றன. டாட்டூவை மங்கச் செய்வதில் வெயிலுக்கு இணை கிடையாது. முன்கையில்தான் வேண்டும் என்றால் உட்பக்கம் நல்லது, இடது கை என்றால் மேலே சொன்ன இரண்டு சீருடை விதிக்கும் அது பொருந்தும்.

உரசுமா? கைக்கடிகாரப் பட்டை, பேன்ட் இடுப்பு, உள்ளாடைப் பட்டை, செருப்பு வார், கழுத்துச் சங்கிலி உரசும் இடங்களில் புண் ஆறுவது சிரமம். விரல்கள், உள்ளங்கை ஓரம், பாதத்தின் பக்கவாட்டு எல்லாம் படத்தில் அழகாகத் தெரியும். ஆனால் அங்கே தோல் வேகமாகத் தேய்ந்து புதுப்பிக்கிறது, கோடு திட்டுத்திட்டாக விட்டுப்போகும். விரலில் மோதிரம் போல் குத்தித் தருகிறேன் என்று தயங்காமல் சொல்லும் கடையைவிட, "விரல் நிக்காது சார்" என்று சொல்லும் கடையை நம்பலாம்.

உடம்பு மாறினால் படமும் மாறுமா? வயிறு, இடுப்பு, தொடையின் உட்பக்கம் எடை ஏறி இறங்கும்போது விரிந்து சுருங்கும். வயிற்றில் என்றால் பிரசவத்துக்குப் பிறகு யோசிக்கலாம். கீழ் முதுகில் தண்டுவடத்தின் மேல் குத்தினால், பின்னாளில் முதுகில் மயக்க ஊசி போட வேண்டி வரும்போது மயக்க மருந்து நிபுணர் மை இல்லாத இடத்தைத் தேடுவார். அது பெரிய ஆபத்து என்று இல்லை. ஆனால் அந்த நேரத்தில் இந்தப் பேச்சு வேண்டாமே என்று தோன்றும்.

வலி எவ்வளவு? மேல்கையின் வெளிப்பக்கம், முன்கை, கெண்டைக்கால் தாங்கக்கூடியவை. விலா, தண்டுவடம், கணுக்கால் எலும்பு, முழங்கை மடிப்பு, அக்குள் பக்கம் கடினம். முதல் டாட்டூவை விலாவில் தொடங்க வேண்டாம்.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று: மச்சம். நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று இரண்டு மச்சமோ தழும்போ எழுதியிருப்பார்கள். பல ஆள்சேர்ப்பு விண்ணப்பங்களிலும் அதையே எழுதுகிறோம், சரிபார்ப்பில் காட்டச் சொல்வார்கள். அந்த மச்சத்தின் மேல் டாட்டூ குத்திவிட்டால் காட்ட எதுவும் இருக்காது. டி.சி.யை எடுத்து எந்த மச்சம் என்று பாருங்கள். அடையாளமாக எழுதாத மச்சத்தின் மேலும் குத்தக் கூடாது. மச்சம் நிறமோ வடிவமோ மாறினால் தோல் புற்றுநோய்க்கு முன்னெச்சரிக்கையாக மருத்துவர் பார்ப்பது அந்த மாற்றத்தைத்தான், மை அதை மறைத்துவிடும்.

தெய்வ உருவம் என்றால் இடுப்புக்குக் கீழே வேண்டாம். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது பொருட்டில்லை, பார்க்கிறவர்களுக்கு இருக்கும். 2015இல் பெங்களூரில் காலில் எல்லம்மா உருவம் குத்தியிருந்த ஓர் ஆஸ்திரேலிய இளைஞரை ஒரு கூட்டம் மிரட்டி, கடைசியில் காவல் நிலையத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்கும்படி ஆனது.

இடத்தை முடிவு செய்த பிறகு ஒரு சோதனை. தற்காலிக டாட்டூ ஸ்டிக்கர் கிடைக்கிறது, விலையும் குறைவு. இல்லாவிட்டால் ஸ்கெட்ச் பேனாவால் அதே இடத்தில், அதே அளவில் வரைந்துகொண்டு அலுவலகம் போங்கள், ஒரு விசேஷ வீட்டுக்குப் போங்கள். யார் கேட்டாலும் கூச்சமில்லாமல் கையைக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். கடற்கரையில் விற்கும் கறுப்பு மருதாணியை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் கலக்கும் பி.பி.டி. என்ற தலைமுடிச் சாயப் பொருள் தோலைக் கொப்பளிக்க வைத்து நிரந்தரத் தழும்பே விட்டுவிடும்.

4. நாள் குறிப்பது

குத்திய பிறகு மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். உள்ளே முழுமையாக ஆற இரண்டு மூன்று மாதம். முதல் மூன்று வாரம் கடல், ஆறு, குளம், நீச்சல் குளம் எதிலும் இறங்கக் கூடாது. ஆகவே குற்றாலம் போகத் திட்டம் இருந்தால் போய்வந்து குத்துங்கள். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தால் இறங்கிய பிறகு. பழனி, ராமேஸ்வரம் தீர்த்தமாடல் என்றால் அதற்கும் இதே கணக்கு.

சித்திரை, வைகாசி வெயிலைத் தவிருங்கள். வியர்வையும் உப்பும் பட்டுக்கொண்டே இருந்தால் புண் நசநசவென்று இருக்கும். மார்கழி, தை, மாசி சென்னைக்கு வசதியான மாதங்கள். கல்யாணத்துக்கு முன் குத்துவதாக இருந்தால் இரண்டு மாதமாவது இடைவெளி விடுங்கள். ஆறாத தோலில் மருதாணி வைக்க முடியாது.

வலது கை, மணிக்கட்டு என்றால் நாம் கையால் சாப்பிடுகிறவர்கள், தினமும் பல தடவை சோப்புப் போட்டுக் கழுவுவோம். பாத்திரம் துலக்குவது, துணி துவைப்பது உங்கள் வேலை என்றால் அந்த வேலைகளை இரண்டு வாரத்துக்கு யாரிடமாவது ஒப்படையுங்கள்.

5. கடை தேடுவது

இந்தியாவில் டாட்டூ கடைக்கென்று நாடு முழுவதுக்குமான தனி உரிமச் சட்டம் கிடையாது. உள்ளாட்சி கொடுக்கும் தொழில் உரிமம்தான் இருக்கும். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் 'இன்டர்நேஷனல்' சான்றிதழ்கள் பெரும்பாலும் ஏதாவது பயிற்சி முடித்ததற்கானவை. தங்க எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மாநகராட்சி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பிளந்துவிடும் வேலை செய்த ஒரு டாட்டூ கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது, கைதும் நடந்தது. அறுவை சிகிச்சை மாதிரி எதையாவது செய்து தருகிறேன் என்று சொல்லும் கடையிலிருந்து அப்படியே திரும்பிவிடுங்கள்.

முதல் தடவை போகும்போது குத்திக்கொள்ளப் போகாதீர்கள், பார்க்க மட்டும் போங்கள். வேறு யாருக்காவது குத்திக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துப் போவது நல்லது. கவனிக்க வேண்டியவை இவை.

ஊசி கார்ட்ரிட்ஜ் சீல் பிரிக்காத உறையில் இருக்க வேண்டும், உறையில் காலாவதித் தேதி இருக்க வேண்டும். உங்கள் கண் எதிரில் பிரிக்க வேண்டும். இதைக் கேட்டதும் ஒரு கடையில் என்னிடம் "நம்பிக்கை இல்லைன்னா எதுக்கு வரீங்க?" என்றார்கள். அந்தப் பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது. மெஷின், அதன் ஒயர், விளக்கின் கைப்பிடி எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருக்க வேண்டும். மையைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், பாட்டிலில் திருப்பி ஊற்றக் கூடாது. முடி மழிக்கும் ரேசர் புதிதாக இருக்க வேண்டும். பயன்படுத்திய ஊசிக்குக் கெட்டியான தனி டப்பா இருக்க வேண்டும். கையுறை போட்ட கையோடு போன் எடுத்துப் பேசிவிட்டு, அதே கையுறையோடு குத்துகிறாரா என்று பாருங்கள். மற்றதையெல்லாம் சரியாகச் செய்யும் கடைகள்கூட இதில் சறுக்குவதைப் பார்த்தேன்.

மறுபடி பயன்படுத்தும் உலோகப் பிடி வைத்திருந்தால் ஆட்டோகிளேவ் இருக்கிறதா என்று கேளுங்கள். அழுத்தத்தில் 121 டிகிரி நீராவியில் சுத்தம் செய்யும் கருவி அது. கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தேன், டெட்டாலில் ஊறவைத்தேன் என்பதெல்லாம் அதற்கு ஈடாகாது.

மை பற்றி ஒரு குறிப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மையில் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இங்கே அப்படி ஒரு வரையறை இல்லை. மாதிரிகளில் 22 உலோகங்கள் இருந்ததாக 2025 தொடக்கத்தில் கர்நாடக சுகாதார அமைச்சர் சொல்லி, ஒன்றிய அரசு விதி கொண்டுவர வேண்டும் என்றார். நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: ரீச் எனப்படும் அந்த ஐரோப்பிய விதிக்கு உட்பட்டது என்று லேபிளில் இருக்கிற மையைக் கேட்பது. பாட்டிலின் லேபிள், பேட்ச் எண், காலாவதித் தேதி தெரியும்படி போனில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் அலர்ஜி வந்தால் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி "என்ன மை?" என்பதாகத்தான் இருக்கும். அலர்ஜியை அதிகம் தருவது சிவப்பு நிறம்.

அந்த ஆர்ட்டிஸ்ட் முன்பு செய்த வேலைகளைப் பார்க்கும்போது, குத்தி முடித்த நிமிடத்தில் எடுத்த பளபளப்பான படங்களை ஒதுக்குங்கள். ஆறி ஒரு வருடம் ஆன படங்களைக் கேளுங்கள். நம் நிறத்துத் தோலில் குத்திய படமாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். வெளிநாட்டு வெள்ளைத் தோலில் மின்னும் மஞ்சளும் வெளிர் நீலமும் நம் தோலில் ஆறிய பிறகு காணாமல் போகும், வெள்ளை மை பழுப்பேறிய தழும்பு போல் நிற்கும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் கறுப்பு மையைப் போல் நிலைப்பது வேறில்லை.

6. விலை

நான் விசாரித்த ஒழுங்கான கடைகளில் சதுர அங்குலத்துக்கு 500 முதல் 1,000 ரூபாய் வரை சொன்னார்கள். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் குறைந்தபட்சக் கட்டணம் என்று 1,500 முதல் 3,000 வரை. பெரிய வேலைக்கு மணிக்கணக்கில் வாங்குவார்கள். பெயர் பெற்ற ஆர்ட்டிஸ்ட் என்றால் இதெல்லாம் பொருந்தாது.

சதுர அங்குலக் கணக்கில் ஒரு பொறி உண்டு. படத்தைச் சுற்றி ஒரு பெட்டி போட்டு, அதன் நீள அகலத்தைப் பெருக்குவார்கள். மூன்று அங்குல நீளம், இரண்டு அங்குல அகலம் என்றால் ஆறு சதுர அங்குலம். சாய்வாக ஒரே ஒரு கோடு ஓடினாலும் காலி இடத்துக்கும் சேர்த்துக் காசு. ஆகவே "சதுர அங்குலம் என்ன ரேட்?" என்று கேட்காமல், படத்தையும் இடத்தையும் காட்டி மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். ஜி.எஸ்.டி. உள்ளடக்கமா, படம் வரையத் தனிக் கட்டணமா, டச்-அப் (ஆறிய பிறகு மை விட்டுப்போன இடத்தில் மறுபடி குத்துவது) இலவசமா, எத்தனை நாளுக்குள், இவை நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் கேட்பது வழக்கம்தான், தேதி மாற்றினால் அது என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். சோப்பு, கிரீம், ஒட்டும் பிலிம் என்று மேற்கொண்டு ஒரு 500 முதல் 1,000 ரூபாய் கையில் வையுங்கள்.

"ஒன்று குத்தினால் ஒன்று இலவசம்" வாரங்களில் போகாதீர்கள். கூட்டம் தாங்காமல் கையுறை மாற்றக்கூட நேரம் இருக்காது.

7. படமும் எழுத்தும்

இதில் ரசனை உங்களுடையது, நான் சொல்ல ஒன்றுமில்லை. தமிழில் எழுத்துக் குத்துகிறவர்களுக்கு மட்டும் ஒரு பெரிய எச்சரிக்கை.

வடிவமைப்பு மென்பொருளில் தமிழுக்கான அமைப்பைச் சரியாக வைக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி விழும். "கொ" என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், நடுவே புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். ஆர்ட்டிஸ்டுக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் அவர் அதையும் அழகாகக் குத்திவிடுவார். ஸ்டென்சில், அதாவது குத்தும் முன் படத்தின் கோட்டைத் தோலில் பதிக்கும் தாள், ஒட்டும் முன் எழுத்தைத் தனியாக அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். தமிழாசிரியர் யாராவது தெரிந்தால் காட்டுங்கள். ர, ற, ன, ண, ல, ழ, ள, ஒற்று மிகுமா மிகாதா, புள்ளி விட்டுப்போனதா என்று எழுத்தெண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். குறள் குத்துகிறவர்கள் வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நம்பாமல் புத்தகத்தைப் பார்த்து ஒப்பிடுங்கள்.

எழுத்து மிகச் சின்னதாகவும் வேண்டாம். சில வருடத்தில் மை தோலுக்குள் கொஞ்சம் பரவும். புள்ளியும் சுழியும் அடைபட்டு ன எது ண எது என்று தெரியாமல் போகும். இரண்டு கோடுகளுக்கு நடுவே இடைவெளி தாராளமாக இருக்கட்டும்.

காதலன், காதலி பெயர் பற்றி எல்லோரும் சொல்வதை நானும் சொல்லப் போவதில்லை. லேசர் செலவு கடைசிப் பகுதியில் இருக்கிறது.

8. அன்றைய நாள்

ஆதார் எடுத்துப் போங்கள். 18 வயது நிறைந்ததற்குச் சான்று கேட்காமல் குத்தும் கடை எந்த விதியையும் மதிக்காது. ஒப்புதல் படிவம் கொடுப்பார்கள், படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், ஒரு நகல் அல்லது படம் உங்களிடம் இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை இருந்தால் மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டையும் எடுத்துப் போங்கள். எந்த மருந்துக்கு அலர்ஜி என்பதைப் படிவத்தில் எழுதுங்கள். பணம் கட்டியதற்கு ரசீது வாங்குங்கள்.

முந்தின நாள் மது வேண்டாம். வெறும் வயிற்றில் போகாதீர்கள், இட்லியோ சாதமோ நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பழைய, தளர்வான உடை போடுங்கள். காய்ச்சல், சளி, அந்த இடத்தில் வேர்க்குரு இருந்தால் தேதியை மாற்றுங்கள்.

மரத்துப்போகும் கிரீம் தடவலாமா என்று கேட்பீர்கள். சின்ன இடத்துக்கு, அளவாக, சரி. பெரிய பரப்பில் கெட்டியாகப் பூசி பிளாஸ்டிக் சுற்றினால் மருந்து ரத்தத்தில் அதிகம் கலந்து இதயத் துடிப்பையே பாதிக்கலாம். கடைக்காரர் லேபிள் இல்லாத டப்பாவிலிருந்து எடுத்துப் பூசினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஸ்டென்சில் ஒட்டியதும் எழுந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, கண்ணாடியில் பாருங்கள். படுத்திருக்கும்போது நேராகத் தெரிந்தது நிற்கும்போது கோணலாகும். சரியில்லை என்றால் அழித்து மறுபடி ஒட்டச் சொல்லுங்கள், எத்தனை தடவை ஆனாலும் சங்கடப்பட வேண்டாம். இந்தக் கட்டத்தில் அழிக்க ஸ்பிரிட்டும் பஞ்சும் போதும்.

9. ஆறும் காலம்

ஒட்டும் பிலிம் போட்டு அனுப்பினால் எத்தனை நாள் வைக்க வேண்டும் என்று கேளுங்கள், பொதுவாக மூன்று முதல் ஐந்து நாள். உள்ளே நீர் அதிகம் தேங்கிக் கசிந்தால் முன்பே எடுத்துவிட வேண்டும். சாதாரண சமையலறை பிளாஸ்டிக் என்றால் சில மணி நேரம் மட்டும். சென்னை வியர்வையில் அதை ஒரு நாள் முழுக்க வைத்திருப்பது கிருமிக்குப் பந்தி போடுவது மாதிரி.

அப்புறம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை வாசனையில்லாத மென்மையான சோப்பால் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை மெல்லிசாகப் பூச வேண்டும். கெட்டியாகப் பூசினால் தோல் ஊறிப்போகும்.

வீட்டில் பெரியவர்கள் மஞ்சள் வை, தேங்காய் எண்ணெய் தடவு, வேப்பிலை அரைத்துப் போடு என்பார்கள். அன்பாகச் சொல்வார்கள், மறுத்தால் கோபிப்பார்கள். ஆனாலும் திறந்த புண்ணில் சமையலறை மஞ்சள் வேண்டாம், அது அதற்காகச் சுத்தம் செய்யப்பட்டது அல்ல. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த ட்யூபும் வேண்டாம், அது ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

நான்கைந்து நாளில் தோல் உரியும், அரிக்கும். சொறியாதீர்கள், உரிக்காதீர்கள். உரித்தால் மையும் சேர்ந்து வந்துவிடும். ஆறியதும் வெளியே போகும்போது எஸ்.பி.எஃப். 30 அல்லது 50 சன்ஸ்கிரீன். ஆறும் வரை முழுக்கைச் சட்டை.

முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பும் லேசான வீக்கமும் இயல்பு. அதற்குப் பிறகும் சிவப்பு பரவிக்கொண்டே போனால், சூடாக இருந்தால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டினால் மருத்துவரிடம் போங்கள். கடைக்காரரிடம் போன் செய்து படம் அனுப்பி ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். பல வாரம் கழித்து ஒரு நிறம் மட்டும் தடித்து அரித்தால் அது மை அலர்ஜியாக இருக்கலாம், தோல் மருத்துவரைப் பாருங்கள்.

டச்-அப் வேண்டுமா என்பதை முழுவதும் ஆறிய பிறகு, ஆறு வாரம் போல் கழித்து முடிவு செய்யலாம். இலவசக் காலக்கெடு முடிவதற்குள் போய்விடுங்கள்.

10. அழிக்க நினைத்தால்

லேசர் ஒரே தடவையில் அழிக்காது. ஆறு முதல் பத்து அமர்வு வரை ஆகலாம், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி. ஆக ஏழு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை ஓடிவிடும். ஓர் அமர்வுக்கு அளவைப் பொறுத்துச் சில ஆயிரம், கூட்டிப் பார்த்தால் குத்திய செலவைவிடப் பல மடங்கு. கறுப்பு மை எளிதில் போகும். பச்சை, நீலம், மஞ்சள் முரண்டு பிடிக்கும்.

நம் தோல் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் இயங்கும் என்.டி.யாக் லேசரே பாதுகாப்பானது. வேறு அலைநீளம் தோலின் இயற்கை நிறத்தையும் சேர்த்து அழித்து வெள்ளைத் திட்டு விட்டுவிடலாம். அழகு நிலையத்தில் செய்யாமல் தோல் மருத்துவரிடம் செய்யுங்கள், எந்த லேசர் என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். டாட்டூ நீக்கும் கிரீம், உப்புத் தேய்ப்பது, ஆசிட் என்று விளம்பரம் செய்கிறவர்கள் தருவது தழும்பு மட்டும்தான்.

தேர்வுக்காக அழிக்கிறவர்கள் மருத்துவப் பரிசோதனைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒன்றரை வருடமாவது முன்னால் தொடங்குங்கள். அரைகுறையாக அழிந்த டாட்டூவையும் டாட்டூவாகவே கணக்கில் எடுக்க வாய்ப்பு அதிகம். கவர்-அப் செய்து மறைப்பது சீருடைத் தேர்வுக்கு உதவாது, பழையதைவிடப் பெரிதாகவும் கறுப்பாகவும் புதியது ஒன்று வரும்.